மூன்றாம் சிலிண்டர்

வண்டி ஒன்று, ஓட்டுவது இருவர்.
விடிகாலை ஐந்திலிருந்து சிக்கந்தர்,
மாலை ஐந்திலிருந்து நான்.
ஈசூனில் அடுக்குமாடிக் கார்ப்பார்க்,
நாலாம் தளம், தூணோரம்.
அவன் இறங்கிப் போனபின்
இருக்கையை முன்னால் இழுப்பேன்,
கண்ணாடியைக் கொஞ்சம் குனிய வைப்பேன்.
மூன்று வருடமாக
எங்களுக்குள் நடக்கும் பேச்சு
பெரும்பாலும் அதுதான்.

பிப்ரவரியில் ஆரம்பித்தான்:
"அக்கா, காலையில ஸ்டார்ட் பண்ணா
வண்டி நடுங்குது."
எனக்கு நடுங்கவில்லை.
நாளெல்லாம் ஓடிச் சூடேறிய இன்ஜினை
அவன் கையிலிருந்து வாங்குகிறவள் நான்.
தூக்கக் கலக்கம், என்றேன்.
வேறு பங்கில் பெட்ரோல் போடு, என்றேன்.
ஒருநாள் டாஷ்போர்டைப் படமெடுத்து அனுப்பினான்.
முள் ஆடுவதைக் காட்டத்தான்.
படத்தில் முள் ஆடுமா?
விளக்கு ஒன்றுகூட எரியவில்லை பார்,
என்று அதையே அவனுக்குத் திருப்பி அனுப்பினேன்.

விளக்குகளை நம்புகிறவள் நான்.
சிவப்பில் சொட்டும் கெண்டி என்றால் எண்ணெய்.
லாடத்துக்குள் ஆச்சரியக்குறி, டயரில் காற்று.
மஞ்சளில் ஒன்று உண்டு,
என் மகள் அதை நீர்மூழ்கிக் கப்பல் என்பாள்.
அது இன்ஜின்.
அது வெளியே தலைகாட்டாத வரை
கடலில் ஒன்றுமில்லை என்றிருந்தேன்.

சாங்கியில் அன்று விமானம் தாமதம்.
பெட்ரோலை மிச்சம் பிடிக்க
இன்ஜினை அணைத்துவிட்டு மூன்று மணி நேரம்.
மழை, மழை, கண்ணாடியெல்லாம் மூச்சு.
மறுபடி சாவியைத் திருப்பியபோது
ஸ்டியரிங் வழியாக முழங்கைக்கு ஏறியது:
நொண்டுகிறவன் படியிறங்குவதுபோல்
மூன்று அடி சரி, ஒன்று தவறு,
மூன்று சரி, ஒன்று தவறு.
மஞ்சள் எரிந்தது.
ஷியர்ஸ் பாலத்தின் ஏற்றத்தில் மிதித்தேன்.
மஞ்சள் இமைத்தது.
எரிந்தால் கவனி, இமைத்தால் நிறுத்து.
அதுவும் எனக்குத் தெரியும்.
பாலம் இறங்கி, முதல் வெளிவழியில் ஒதுங்கி,
பின்னால் தூங்கிய பயணியை எழுப்பி,
வேறு வண்டி பிடித்துக் கொடுத்து,
அவர் பெட்டிகளைத் தூக்கி வைத்து,
நனைந்து நின்றேன்.
மணி இரண்டே கால்.
சிக்கந்தரின் எண்ணைத் திறந்து
மூடிவிட்டேன்.
மூன்று மணி நேரத் தூக்கமாவது அவனுக்கு மிஞ்சட்டும்.

சின் மிங்கில் லியோங்கின் பட்டறை.
ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு கருவியைச் செருகினான்.
"மூணாம் சிலிண்டர்," மலாயில் சொன்னான்.
எரியவில்லை என்று தெரியும்;
ஏன் என்று கருவிக்குத் தெரியாதாம்.
பிறகு அவன் செய்ததை
பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்திப்போட்டுப் பார்த்தேன்.
மூன்றின் தலையிலிருந்த காயிலைக் கழற்றி
ஒன்றுக்கு வைத்தான்.
ஒன்றில் இருந்ததை மூன்றுக்கு.
ஸ்டார்ட்.
இப்போது ஒன்று எரியவில்லை.
கோளாறு காயிலோடு குடிபெயர்ந்திருந்தது.
உடலில் ஒரு வெடிப்பு, மயிரிழை.
ஈரம் பட்டால் அதன் வழியே தீப்பொறி கசிந்துவிடும்,
காய்ந்து சூடேறினால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும்.

இடம் மாற்றிப் பார்த்தால் போதும்.
ஒரு வாரம், ஒரே ஒரு வாரம்,
அவன் காலையை நான் எடுத்திருக்கலாம்.

காயில் ஒன்று, பிளக் நான்கு,
இருநூற்று எழுபது வெள்ளி.
நானே கட்டினேன். அவன் பாதி அனுப்பினான்.
திருப்பி அனுப்பினேன். மறுபடி அனுப்பினான்.

மறுநாள் ஐந்துக்கு முன்னே
நாலாம் தளத்துக்குப் போனேன்.
குயில் ஒன்று, யாரும் கேட்காமலே,
புளோக்கையே எழுப்பிக்கொண்டிருந்தது.
என்னைப் பார்த்தவன் எதுவும் கேட்கவில்லை.
இருக்கையைப் பின்னால் தள்ளினான்.
கண்ணாடியை நிமிர்த்தினான்.
பக்கத்தில் நான், முதன்முறையாக,
பயணி மாதிரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு.

ஸ்டார்ட் செய்தான்.
முள் எழுந்து, இறங்கி, நின்றது.
இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"லேசா நடுங்குதோ?" என்றேன்.

"இல்லையே அக்கா," என்றான்,
"எனக்கு ஒண்ணும் தெரியல."